சான்ஸ், ஃபார்ச்சூன், சார்ட்: அதிர்ஷ்டச் சொற்களின் லத்தீன் வேர்கள்

கோபி வாத்தியார்:

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு வேரைப் பிடித்துக் கொடுத்தால் பத்துச் சொல் தானாக வரும். இப்போது எடுத்துக்கொண்டிருப்பது அதிர்ஷ்டம், தற்செயல் பற்றிய சொற்கள். அதில் பெரிய குடும்பம் லத்தீன் 'கடெரெ'. பொருள் மிகச் சாதாரணமானது: விழு.

'சான்ஸ்' இந்த வேர்தான். பிற்கால லத்தீனில் 'கடென்தியா' என்றால் விழுகை. அது பழைய பிரெஞ்சுக்குப் போய் உருமாறி, பகடை விழுந்த விதத்தைக் குறித்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. அதே 'கடென்தியா' இத்தாலி வழியாகச் சுற்றி வந்தபோது 'கேடன்ஸ்' ஆயிற்று. பேச்சிலோ இசையிலோ குரல் தாழ்ந்து இறங்கும் இடம். 'ஆக்சிடெண்ட்' ஒருவர்மேல் வந்து விழுந்தது. 'கோஇன்சிடென்ஸ்' இரண்டு சேர்ந்தாற்போல் விழுந்தது. 'அக்கேஷன்' எதிரே வந்து விழுந்த வேளை. 'இன்சிடெண்ட்', 'கேஷுவல்' இரண்டும் இதே வீட்டுப் பிள்ளைகள்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது விளக்கமே தேவைப்படுவதில்லை. தாயக்கட்டையை உருட்டினால் தாயம் விழுந்தது என்கிறோம். குலுக்கல் சீட்டில் பெயர் விழுந்தது என்கிறோம். காசைச் சுண்டினால் தலை விழுந்ததா பூ விழுந்ததா என்று கேட்கிறோம். ரோமானியர்களிடம் கற்றுக்கொண்டு நாம் இப்படிப் பேசவில்லை. கையைவிட்டுப் போன ஒரு பொருள் எப்படித் தரையில் விழுகிறது என்று குனிந்து பார்த்தவர்கள் இரண்டு ஊரிலும் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் குடும்பத்தில் விட்டுப்போனவை என்ன, அதிர்ஷ்டத்துக்கு வேறு லத்தீன் வேர்கள் என்ன, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பின்னலூர்க்காரன்:

வாத்தியாரய்யா, வணக்கமுங்க. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, ஜெர்மன் பையர்களோடு தினமும் மெயில் போக்குவரத்து. அவர்கள் தற்செயலை 'ட்ஸூஃபால்' என்பார்கள். 'ஃபால்' என்றால் விழுதல். லத்தீன் சொல்லின் அமைப்பைப் பார்த்து அவர்கள் தங்கள் மொழியிலேயே செய்துகொண்டது. தனியாக 'ஃபால்' என்றால் கோர்ட்டு வழக்கும் உண்டு, இலக்கண வேற்றுமையும் உண்டு. ஆங்கிலத்திலேயே 'பிஃபால்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறதல்லவா, நேர்வது என்ற பொருளில்? அதிலும் விழுதல்தான். ஆனால் அது லத்தீன் சரக்கு இல்லை, சொந்தச் சரக்கு.

வேர்காண்பவன்:

ரோமானியர்களிடம் நாம் கற்கவில்லை என்றால், அவர்கள் நம்மிடம் கற்றிருக்கலாமே? பழைய வணிக ஊரான கொடுமணல் எங்கே இருக்கிறது? சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில். வெள்ளலூரில் ரோமானியக் காசு குவியல் குவியலாகக் கிடைத்தது. சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் போன சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் போனது. 'கடெரெ'யில் 'கட' இருப்பது யார் கண்ணுக்கும் தெரியும். கேசினோ, சூட்கேஸ் எல்லாமே இந்தக் கூட்டம்தான்.

கோபி வாத்தியார்:

தம்பி, கொடுமணலும் வெள்ளலூரும் உண்மை. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் வணிகத்தோடு போகும் சொல் சரக்கின் பெயராக இருக்கும். இஞ்சியின் பெயர் அப்படித்தான் கிரேக்கத்துக்குப் போனது என்கிறார்கள். விழு, எழு, வா, போ போன்ற வினைகளை யாரும் கப்பலில் ஏற்றி வாங்குவதில்லை. அதோடு, 'கட' என்றால் தாண்டுவது, விழுவது இல்லை. ஓசை ஒத்துப்போனால் உறவு என்று வைத்தால் உலகத்தில் எந்த மொழியையும் எதனோடும் கட்டிவிடலாம். தமிழுக்கு அந்தப் பெருமை தேவையில்லை.

'கேசினோ' வேறு வீடு. லத்தீனிலும் இத்தாலியிலும் 'காசா' என்றால் வீடு; 'கேசினோ' சின்ன வீடு, பிறகு கூடிப் பொழுதுபோக்கும் மாளிகை, பிறகுதான் சூதாடும் இடம். சூட்கேசில் உள்ள 'கேஸ்' பெட்டியைக் குறிக்கும் 'காப்சா'விலிருந்து வந்தது. அதற்கு வேர் 'காபெரெ', பிடித்துக்கொள்வது. கோர்ட்டு கேஸ்தான் நம் குடும்பம்: 'காசுஸ்', அதாவது விழுந்தது, நேர்ந்தது. எழுத்து ஒன்றாகிப் போனதால் இரண்டும் ஒரே சொல் போலத் தெரிகிறது.

இலக்கணத்துக் 'கேஸ்' இன்னும் சுவையானது. கிரேக்கர்கள் பெயர்ச்சொல் தன் நேர்நிலையிலிருந்து விழுந்து சாய்வதாக நினைத்து அதற்கு விழுதல் என்றே பெயர் வைத்தார்கள். ரோமானியர்கள் அதை அப்படியே 'காசுஸ்' என்று பெயர்த்தார்கள். நம் இலக்கணத்தார் அதையே வேற்றுமை என்றார்கள். பொருள் வேறுபடுகிறது என்பதைப் பார்த்து வைத்த பெயர். இந்த இடத்தில் நம் பெயர்தான் தெளிவு என்பது என் கருத்து.

தாராபுரம் வக்கீல்:

கேஸ் என்று வந்துவிட்டதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். சட்டத்தில் 'எஸ்சீட்' என்று ஒரு சொல் உண்டு. வாரிசே இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்து அரசுக்குப் போகும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அரசியலமைப்பில் 296வது உறுப்பிலும் வருகிறது. இதுவும் 'கடெரெ'தான். 'எஸ்' என்பது வெளியே. குடும்பத்தின் கையிலிருந்து நழுவி அரசன் மடியில் விழுவது. பழைய இங்கிலாந்தில் இப்படிப்பட்ட சொத்துகளைக் கண்டுபிடித்து எடுக்க அதிகாரிகள் இருந்தார்கள். வாரிசு இருந்தும் இல்லையென்று எழுதி மக்களை அவர்கள் படுத்திய பாட்டில், அந்தச் சொல் தேய்ந்து 'சீட்' என்றாகி, ஏமாற்றுவது என்ற பொருளுக்கு வந்தது. பரீட்சையில் பார்த்து எழுதுகிறவனைச் சொல்லும் சொல் நிலத் தகராறில் பிறந்தது. நிலத் தகராறிலேயே காலத்தை ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை.

இன்னொன்று. தமிழில் 'தாயம்' என்றால் பகடையில் விழுவது. அதே 'தாயம்' பரம்பரைச் சொத்துரிமையும் கூட. தாயாதி என்ற சொல்லில் அது இருக்கிறது.

ஆனைமலைக் காற்று:

காட்டுக்காரன் பங்குக்கு ஒன்று: 'டெசிடுவஸ்'. டாப்ஸ்லிப் பக்கம் தேக்கு கோடையில் மொட்டையாக நிற்கும், இலையுதிர் வகை. கீழே விழுவது என்ற அதே வேர். பல் மருத்துவர்கள் பால் பல்லையும் இதே சொல்லால்தான் குறிப்பார்கள், விழுந்துவிடும் பல் என்று. 'டீகே' என்றால் அழுகல், அதுவும் கீழே விழுவதுதான். இவற்றில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. ஆனாலும் குடும்பத்தின் அளவு தெரிய வேண்டுமல்லவா.

மேற்கு நாடுகளைச் சொல்லும் 'ஆக்சிடெண்ட்' (Occident) என்று ஒன்று இருக்கிறது. விபத்தின் 'ஆக்சிடெண்ட்' இல்லை, எழுத்து வேறு. சூரியன் விழும் திசை என்று பொருள். நமக்கு மேற்கு என்றால் மேல், கிழக்கு என்றால் கீழ். எங்கள் ஊரில் நின்று பார்த்தால் மலை மேற்கே உயர்ந்து கிடக்கிறது. அவர்கள் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் நிலத்தின் சரிவைப் பார்த்து வைத்தோம்.

நர்ஸ் கோவை:

ஆஸ்பத்திரியில் நாங்கள் நாளெல்லாம் சொல்லும் 'கேஷுவால்டி'யை யாரும் எடுக்கவில்லையே. முதலில் அது வெறும் தற்செயல். அப்புறம் எதிர்பாராத கேடு. அப்புறம் போரில் ஏற்பட்ட இழப்பு. கடைசியில் அடிபட்டவர்களைக் கொண்டுவரும் வார்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் மேலே விழுந்தது என்பதன் பொருள் புரியும்.

சென்னிமலை அம்மிணி:

வாத்தியாரய்யா, நீங்கள் ஃபார்ச்சூனைத் தொடவே இல்லையே. அதிர்ஷ்டம் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வரும் ஆங்கிலச் சொல் அதுதானே? 'ஃபோர்ட்' என்றால் கோட்டை. அதோடு சேர்ந்ததா? எங்கள் பக்கம் கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் ஃபார்ச்சூனர் கார்களைப் பார்த்து என் மகள் கேட்டாள்.

கோபி வாத்தியார்:

அம்மிணி, கோட்டைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கோட்டை, 'ஃபோர்ஸ்', 'எஃபர்ட்', 'கம்ஃபர்ட்' எல்லாம் 'ஃபோர்டிஸ்', வலிமை என்ற சொல்லின் வழி. ஃபார்ச்சூனுக்கு வேர் 'ஃபோர்ஸ்' (fors) என்ற வேறொரு லத்தீன் பெயர்ச்சொல்; வலிமையைச் சொல்லும் ஆங்கில 'ஃபோர்ஸ்' (force) இல்லை. தற்செயல் என்று பொருள். அதற்கும் அடியில் 'ஃபெர்ரெ', கொண்டுவருவது. முதல் வேரில் ஒன்று விழுகிறது. இந்த வேரில் யாரோ கொண்டுவந்து தருகிறார்கள். கொண்டுவருகிறவள் ஃபார்ச்சூனா தேவி. சிற்பங்களில் ஒரு கையில் கனியும் மலரும் நிறைந்த கொம்பு, மறு கையில் கப்பலின் சுக்கான். அவளுக்குச் சக்கரமும் உண்டு, மேலே இருப்பவனைக் கீழே இறக்கும். அதனால்தான் லத்தீனில் ஃபார்ச்சூனா என்றால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருந்தது. ஆங்கிலத்தில் நல்ல பக்கமும் பணமும் மேலோங்கிவிட, கெட்டதற்குத் தனியாக 'மிஸ்ஃபார்ச்சூன்' செய்ய வேண்டி வந்தது.

பிள்ளைகள் தடுமாறும் இடம் 'ஃபார்ச்சூயிட்டஸ்'. 'ஃபார்ச்சுனேட்' போல ஒலிப்பதால் அதிர்ஷ்டவசமான என்று எழுதிவிடுகிறார்கள். மூலப் பொருள் தற்செயலான என்பது மட்டுமே. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்.

பின்னலூர்க்காரன்:

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேனுங்க. எனக்கு வரும் மெயில்களில் 'ஃபார்ச்சூயிட்டஸ்' பெரும்பாலும் நல்ல தற்செயல் என்ற பொருளில்தான் வருகிறது. அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வேரைக் காட்டி வழக்கைத் தப்பு என்று சொல்ல முடியாது. 'நாற்றம்' என்றால் முன்பு நறுமணம்தான். இன்று யாரிடமாவது உங்கள் வீட்டில் நல்ல நாற்றம் என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

கோபி வாத்தியார்:

வழக்கைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒப்பந்தங்களில் இந்தச் சொல் வந்தால் எதிர்பாராமல் நேர்ந்தது என்றுதான் பொருள், அதிர்ஷ்டம் என்று இல்லை. தீ விபத்தை அதிர்ஷ்டம் என்று படித்துவிட்டால் என்ன ஆவது? இரண்டு பொருளையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன், சரியா.

அப்புறம், மூன்றாவது வேர் ஒன்று இருக்கிறது. இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: 'சோர்ஸ்'. பொருள் சீட்டு. குலுக்கி எடுக்கும் சீட்டு.

ரோமுக்குக் கிழக்கே பிரெனெஸ்தே என்ற மலையூர். இன்றைய பெயர் பலஸ்திரினா. அங்கே ஃபார்ச்சூனாவுக்குப் பெரிய கோயில் இருந்தது. ரோமானிய எழுத்தாளர் சிசரோ அந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார்: ஒருவருக்குத் திரும்பத் திரும்பக் கனவு வந்தது, இன்ன பாறையைப் பிள என்று. ஊரார் சிரித்தார்கள். அவர் பிளந்தார். உள்ளிருந்து பழைய எழுத்து செதுக்கிய கருவாலிமரச் சீட்டுகள் வந்து விழுந்தன. ஆலிவ் மரத்தில் பெட்டி செய்து அவற்றை வைத்தார்கள். கேள்வி கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு சிறுவன் கையால் கலக்கி ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள்.

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயில் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சும்மா இருக்க முடியுமா? பக்தர் ஒருவர் கனவில் ஆண்டவன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் கோயிலில் வந்து தெரிவிக்கிறார். பூப்போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப்பூ வந்தால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. அடுத்தவர் கனவில் அடுத்த பொருள் வரும்வரை அங்கேயே இருக்கிறது. கனவு, பெட்டி, குலுக்கி எடுப்பது என்று எல்லாம் அங்கும் இங்கும் அப்படியே.

'சோர்ஸ்' வழி வந்த ஆங்கிலச் சொல்தான் 'சார்ட்'. சீட்டு, சீட்டால் கிடைத்த பங்கு, பங்கால் அமைந்த நிலை, நிலையால் அமைந்த வகை என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. 'சார்சரர்', மந்திரவாதி, முதலில் சீட்டெடுத்துக் குறி சொன்னவன்.

சென்னிமலை அம்மிணி:

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் அதிர்ஷ்டம் என்ற ஒரே கூடையில் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் பெண் பார்க்கும் முன்பும், கிணறு வெட்டும் முன்பும், குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் எதையும் தொடங்கியதில்லை. வெள்ளைப்பூவும் செவ்வரளியும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்து, ஒன்றும் அறியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். சிவப்பு வந்தால் அந்தச் சம்பந்தம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் விட்டுவிடுவோம். அதை யாரும் லக் என்று சொல்ல மாட்டார்கள். உத்தரவு என்றுதான் சொல்வோம். தாயக்கட்டையில் விழுவது விளையாட்டு. பூவில் வருவது வாக்கு. இரண்டும் ஒன்றில்லை.

கோபி வாத்தியார்:

அம்மிணி, நீங்கள் சொல்வதுதான் 'சோர்ஸ்' என்ற சொல்லின் உள்ளே இருந்தது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கே தெய்வவாக்கு என்றும் ஒரு பொருள் உண்டு. பிரெனெஸ்தேக்கு நடந்து போனவர்கள் தற்செயலைத் தேடிப் போகவில்லை. அதே நேரம் ரோமிலேயே சந்தேகக்காரரும் இருந்தார். கதையை எழுதிய சிசரோதான் அவர். சீட்டெடுப்பதும் பகடை உருட்டுவதும் ஒன்றுதான் என்று வாதாடினார். உங்கள் பேச்சும் சிசரோவின் பேச்சும் ஒரே சொல்லுக்குள் இரண்டாயிரம் வருடமாகக் கூடவே இருக்கின்றன. ஒன்றும் அறியாத குழந்தை ஏன்? அதன் கையில் சொந்த விருப்பம் இருக்காது. மனிதர் விருப்பத்தை விலக்கினால் மிஞ்சுவது தெய்வம் என்பது உங்கள் பக்கம். மிஞ்சுவது வெறும் தற்செயல் என்பது சிசரோ பக்கம். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், பூக் கேட்ட வீட்டில் வளர்ந்தவன். உங்கள் பக்கம்தான்.

வேர்காண்பவன்:

குழந்தை என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு. குடவோலை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறு பாலகனைக் கொண்டு எடுக்கச் செய்ததாகக் கல்வெட்டிலேயே இருக்கிறது. கொங்கு இல்லை, தொண்டை மண்டலம்தான். ஆனாலும் அதே கை.

தாராபுரம் வக்கீல்:

குடவோலை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 65வது பிரிவு. இரண்டு வேட்பாளர்களுக்கும் ஓட்டு சமமாக வந்தால் தேர்தல் அதிகாரி உடனே சீட்டுக் குலுக்க வேண்டும். சீட்டு யார்மேல் விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். ஆங்கில வாசகத்திலும் 'விழுகிறது' என்றே இருக்கிறது.

'சோர்ஸ்' குடும்பத்தில் என் பங்குக்கு 'கன்சார்ட்'. இன்று ராணியின் கணவரையோ அரசரின் மனைவியையோ சொல்கிறார்கள். லத்தீனில் 'கோன்சோர்ஸ்' என்றால் ஒரே சீட்டில் பங்குள்ளவர். ரோமானியச் சட்டத்தில் தகப்பன் சொத்தைப் பிரிக்காமல் சேர்ந்து ஆண்ட அண்ணன் தம்பிகள். ஒரே சொல்லில் சொன்னால் பங்காளி. பாங்குகள் சேர்ந்து கடன் கொடுக்கும் 'கன்சார்டியம்' அந்தக் கூட்டுக் குடும்பத்தின் பெயர்தான்.

பாகம் பிரிக்கும்போது மேக்காட்டுத் தோட்டம் யாருக்கு, கிணற்றுப் பக்கம் யாருக்கு என்று முடிவு காணாத இடத்தில் இன்றும் சீட்டு எழுதிப் போடுகிறார்கள். சாமி முன்னால் போட்டால் திருவுளச்சீட்டு. அப்படி வந்த பங்கைப் பற்றி என்னிடம் வழக்குக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. பெரியவர்கள் பேசித் தீர்த்த பங்குதான் கோர்ட்டுக்கு வருகிறது.

பின்னலூர்க்காரன்:

இதைப் படித்ததும் ஒன்று பிடிபட்டது. திருப்பூரில் மீந்த சரக்கை மொத்தமாக விற்பதை 'லாட்' என்போம், ஸ்டாக் லாட். 'லாட்' என்றாலும் முதலில் சீட்டுதானே? அது ஜெர்மானியச் சொல், லத்தீன் இல்லை. ஆனால் சீட்டு, பங்கு, சரக்குக் கட்டு என்று அதே பாதையில் நடந்திருக்கிறது. 'சார்ட்' வகையானது, 'லாட்' குவியலானது. லாட் சரக்கை சைஸ் வாரியாக சார்ட் செய்கிறவர்கள் இரண்டு சீட்டையும் கையில் வைத்திருக்கிறார்கள். 2003இல் தமிழ்நாட்டில் தடை வந்த லாட்டரியும் அந்த லாட்தான்.

நர்ஸ் கோவை:

அப்போது 'லக்' எந்த வேர்? 'ஹேப்பி'யும் அதிர்ஷ்டத்தோடு சேர்ந்தது என்று எங்கோ படித்தேன்.

கோபி வாத்தியார்:

'லக்' லத்தீன் இல்லை. டச்சு, ஜெர்மன் பக்கத்திலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டில் வந்தது. 'ஹேப்பி' வடதேசத்து 'ஹாப்', அதிர்ஷ்டம் என்று பொருள். 'ஹேப்பன்', 'பெர்ஹாப்ஸ்' இரண்டிலும் அதே துண்டு இருக்கிறது.

சென்னிமலை அம்மிணி:

கடைசியாக ஒன்று, மகளுக்காக. அழைப்பிதழில் சுப முகூர்த்தத்துக்கு 'ஆஸ்பிஷஸ்' என்று போடுகிறார்களே, அது?

கோபி வாத்தியார்:

லத்தீன்தான் அம்மிணி. 'ஆவிஸ்' பறவை, 'ஸ்பெசெரெ' பார்ப்பது. பறவை பார்த்துச் சகுனம் சொல்வது. அப்படிப் பார்க்கிற ரோமானியப் பூசாரிக்கு 'ஆகுர்' என்று பெயர். அவர் வானத்தைப் பார்த்து உத்தரவு சொன்ன பிறகு தொடங்குவதுதான் 'இனாகரேஷன்'. கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிடும்வரை கலசத்தில் தண்ணீர் ஊற்றாமல் காத்திருப்பதைப் பார்த்த உங்கள் மகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.